பிழை நிரலில் இல்லை

கணிதப் புள்ளியியல் வகுப்புக்காக எழுதிய ஒரு நிரலையே இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியியலில் முனைவர் படிப்புக்கு எந்தக் கணிதம் வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது அதுதான். மொத்தம் நாற்பது வரிகூட இருக்காது. 0-க்கும் நமக்குத் தெரியாத ஓர் உச்ச எண்ணுக்கும் நடுவில் சீராகப் பரவிக் கிடக்கும் எண்களில் பத்தை எடுக்க வேண்டும். அந்தப் பத்தை வைத்து உச்ச எண் எது என்று மதிப்பிட வேண்டும். பத்தில் பெரியதை எடுத்து 11/10-ஆல் பெருக்கினால் சராசரியில் சரியான விடை கிடைக்கும். இதையே லட்சம் முறை செய்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பதுதான் வீட்டுப்பாடம். உச்ச எண்ணை 1 என்று வைத்து ஓட்டினேன். அந்தச் சிதறலை அளக்கும் வேரியன்ஸ் 0.0083 என்று வந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் வகுப்பில் கிராமர்-ராவ் எல்லையைப் படித்திருந்தோம். சராசரியில் சரியான விடை தரும் எந்த மதிப்பீடாக இருந்தாலும், அதன் வேரியன்ஸ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்கிற தேற்றம் அது. நோட்டில் எழுதியிருந்த சூத்திரத்தில் என் எண்களைப் போட்டால் அந்த அளவு 0.1. என் கணினியோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. சமவாய்ப்பு எண்களை மாற்றிப் பார்த்தேன். வேறொரு மொழியில் முழுதாகத் திரும்ப எழுதினேன். அதே 0.0083. கடைசியில் காகிதத்தில் கையால் கணக்கிட்டேன், 1/120 வந்தது. அதுவும் 0.0083தான்.

மூன்றாம் நாள் ஆசிரியரிடம் போனேன். அவர் நிரலைத் திறக்கவே இல்லை. என் நோட்டை வாங்கித் தேற்றத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். ‘வழக்கமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. “இந்த நிபந்தனைகள் என்னென்ன என்று சொல்லுங்கள்” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு தேற்றத்தின் தொடக்கத்திலும் சம்பிரதாயமாக வரும் வரி என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

புள்ளியியலில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க என்னென்ன கணிதப் பாடம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாமல்தான் நான் முதல் சுற்று விண்ணப்பங்களை அனுப்பினேன். எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, எட்டிலும் மறுப்பு வந்தது.

அப்போது என் மதிப்பெண் பட்டியலில் ஆறு புள்ளியியல் பாடங்கள் இருந்தன. ரிக்ரெஷன், டைம் சீரிஸ், சோதனை வடிவமைப்பு, பன்மாறிப் பகுப்பாய்வு, மெஷின் லேர்னிங், இவற்றோடு முன்பே சொன்ன கணிதப் புள்ளியியல். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். கணிதப் பக்கம் பார்த்தால் மூன்று பருவம் கால்குலஸ், ஒரே ஒரு லீனியர் அல்ஜீப்ரா. பொருளாதாரம் என் முதன்மைப் பாடம் என்பதால் அதற்கு மேல் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. போகப்போவது புள்ளியியலுக்கு, அதனால் புள்ளியியல் பாடங்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிக்கும் பாடமான ரியல் அனாலிசிஸை விண்ணப்பம் அனுப்பும் பருவத்தில்தான் தொடங்கினேன். டிசம்பரில் விண்ணப்பம் போனபோது அந்தப் பாடத்துக்கு எதிரே மதிப்பெண் இல்லை, ‘படித்துக்கொண்டிருக்கிறார்’ என்கிற குறிப்பு மட்டும்தான். பருவம் முடிந்தபோது அதில் தேர்ச்சி அளவுக்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மறுப்புகள் வந்த பிறகு அதே ஆசிரியரிடம் என் பட்டியலைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு அவர் சொன்னது: “புள்ளியியலை அங்கே முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். கணிதத்தை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அது உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் முதல் வகுப்பையே தொடங்குவார்கள். இந்தப் பட்டியலில் அது தெரியவில்லை.”

வேலைக்குப் போய்க்கொண்டே, பட்டப்படிப்பில் சேராமல் தனிப் பாடம் மட்டும் எடுக்கும் மாணவராகச் சேர்ந்து ரியல் அனாலிசிஸை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். இந்த முறை இரண்டு பருவமும்.

முதல் மாதம் முழுக்க, தெரியும் என்று நான் நினைத்திருந்தவற்றையே நிரூபிக்கச் சொன்னார்கள். ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஓர் எண்ணைத் தாண்டாத தொடர்முறை ஏதோ ஓர் எல்லையை நெருங்கியே தீரும் என்று காட்ட வேண்டும். படம் வரைந்தால் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். நானும் படம் வரைந்து கீழே இரண்டு வாக்கியம் எழுதினேன். சிவப்பு மையில் “ஏன்?” என்று மட்டும் எழுதித் திரும்பி வந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டே போனால் மெய்யெண்கள் என்றால் என்ன என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறோம். விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கூற்று பொய். ஏறிக்கொண்டே போய் 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கும் தொடர்முறை, சேர இடமில்லாமல் அங்கே நின்றுவிடும். அதுவரை நான் எண்களையே சரியாகப் பார்த்ததில்லை என்று அன்று தோன்றியது.

மூன்றாவது வீட்டுப்பாடத்தில் 100-க்கு 31 எடுத்தேன். கேள்வி இதுதான்: தொடர்ச்சியான சார்புகள் வரிசையாக ஒரு சார்பை நெருங்குகின்றன. அந்த எல்லைச் சார்பும் தொடர்ச்சியானதாக இருக்குமா? இருக்கும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். விடை இருக்காது என்பது. 0 முதல் 1 வரை ஓர் எண்ணை எடுத்து அதன் வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு என்று போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொன்றும் வழவழப்பான வளைகோடு. ஆனால் எல்லையில், 1-ஐத் தவிர மற்ற எல்லா இடத்திலும் 0, 1-இல் மட்டும் திடீரென்று 1. அறுந்துபோன கோடு. இதே இடத்தில் பிரெஞ்சுக் கணித மேதை கோஷியே சறுக்கியிருக்கிறார் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். 1821-இல் அவர் இதை ஒட்டிய ஒரு கூற்றைத் தேற்றமாகவே எழுதினார். அதற்கு விதிவிலக்குகள் உண்டு என்று 1826-இல் ஆபெல் சுட்டிக்காட்டினார். சரி, அவ்வளவு பெரியவருக்கே பிடிபடாதது எனக்கு ஒரு வாரத்தில் பிடிபடாமல் போனதில் ஆச்சரியமில்லை என்று மறுபடி உட்கார்ந்தேன்.

பிடிபட்டது ஒரு வாக்கியத்தின் வழியாக. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பது வேறு, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி உண்டு என்பது வேறு. சார்புகள் நெருங்குவதிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாகக் காத்திருந்தால் நெருங்கும் என்பது ஒன்று. ஒரே அளவு காத்திருந்தால் எல்லாப் புள்ளியிலும் சேர்ந்து நெருங்கிவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் சீரான ஒருங்கல். அது இருந்தால் தொடர்ச்சி பிழைக்கும், இல்லையென்றால் உறுதி சொல்ல முடியாது. எல்லை நிரூபணங்களில் எப்சிலான், டெல்டா என்று பயமுறுத்துகிற எல்லாமே இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதுவதற்கான வழிதான்.

இதற்கும் புள்ளியியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், 1933-இல் கிளிவெங்கோவும் கான்டெல்லியும் நிறுவிய தேற்றத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே எவ்வளவு பங்கு இருக்கிறது என்று காட்டுவது பரவல் கோடு. தரவை வைத்து நாம் வரையும் பரவல் கோடு உண்மையான பரவல் கோட்டை ஒவ்வொரு புள்ளியிலும் நெருங்கும் என்பதை, தரவு கூடக்கூடச் சராசரி உண்மை மதிப்பை நெருங்கும் என்கிற பேரெண் விதியே சொல்லிவிடுகிறது. எல்லாப் புள்ளியிலும் ஒருசேர நெருங்கும் என்பதுதான் அந்தத் தேற்றம். பூட்டும் சாவியும் புரியாமல் இதைப் படித்தால் சொன்னதையே திரும்பச் சொன்னதுபோல் இருக்கும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் இருந்தது.

படித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் முன் காலையில் இரண்டு மணி நேரம். புதிய பாடம் எதுவும் படிக்க மாட்டேன். முந்தைய நாள் படித்த நிரூபணத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதுவேன். முதல் வாரங்களில் முதல் வரி வருவதற்கே நாற்பது நிமிடம் ஆனது. அப்புறம் ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தேற்றத்திலிருந்தும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, அது இல்லாமல் தேற்றம் எங்கே உடைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் அதில் எழுத வேண்டும். மூடிய இடைவெளிக்குப் பதில் திறந்த இடைவெளி என்றால் என்ன ஆகும்? வரம்புக்குட்பட்டது என்பதை எடுத்துவிட்டால்? இந்தப் பழக்கத்துக்கு இணையாக வேறு எதுவும் எனக்கு உதவவில்லை. பருவம் முடிவதற்குள் அந்த நோட்டில் அறுபதுக்கு மேல் உதாரணங்கள் சேர்ந்தன.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கூரிய முனை. 0-இலிருந்து தொடங்கும் ஒரு செவ்வகம். அதன் அகலத்தைப் பாதியாக்கி உயரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். பரப்பளவு எப்போதும் 1. ஆனால் 0-க்கு வலப்பக்கம் எந்தப் புள்ளியில் நீங்கள் நின்றாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு செவ்வகம் உங்களைத் தாண்டி ஒடுங்கிவிடும், உங்கள் தலைக்கு மேல் 0தான். எல்லையை எடுத்துவிட்டுத் தொகையிட்டால் 0, தொகையிட்டுவிட்டு எல்லையை எடுத்தால் 1. இரண்டு செயல்களின் வரிசையை மாற்றியதும் விடை மாறிவிட்டது. எல்லாச் சார்புகளுக்கும் மேலே, மொத்தப் பரப்பளவு முடிவுள்ள ஒரே ஒரு சார்பைக் கூரையாகப் போட முடிந்தால் வரிசையை மாற்றலாம் என்பது பிரெஞ்சுக் கணிதர் லெபேக்கின் தேற்றம். இந்த முனைகளுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது.

இரண்டாம் பருவத்தில் இதைப் படித்த அன்றுதான் என் 0.0083-க்கு முழு விளக்கம் கிடைத்தது. கிராமர்-ராவ் நிரூபணத்தில் ஓரிடத்தில் வகையிடலையும் தொகையிடலையும் இடம் மாற்றுகிறோம். என் கணக்கில் தொகையிடும் இடைவெளியின் ஒரு முனையே தெரியாத அந்த உச்ச எண்தான். அது நகர்ந்தால் இடைவெளியும் நகர்கிறது, அதனால் இடம் மாற்றுவது செல்லாது. தேற்றம் பொய்யாகவில்லை, அது என் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை. 1945-இல் சி.ஆர்.ராவ் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறைந்திருக்குமோ என்னவோ, வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு கேள்விக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவரின் தேற்றத்தை நான் நிபந்தனையைப் படிக்காமல் பயன்படுத்தியிருந்தேன்.

லீனியர் அல்ஜீப்ராவையும் இரண்டாம் முறை எடுத்தேன். முதல் முறை எடுத்தது அணிகளைப் பெருக்கி, தலைகீழாக்கி, ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கிற பாடம். இரண்டாவது, நிரூபணங்கள் எழுதுகிற பாடம். வேரியன்ஸ் கணக்கிடும்போது பத்து எண்களுக்கு ஏன் 9-ஆல் வகுக்கிறோம் என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன், ‘ஒரு சுதந்திரம் போய்விட்டது’ என்று பொதுவாக ஒரு பதில் வரும். பத்து எண்களிலிருந்தும் சராசரியைக் கழித்தால் மிச்சங்களின் கூட்டுத்தொகை 0. அதாவது பத்துப் பரிமாண வெளியில் இருந்த திசையன் ஒன்பது பரிமாணத் தளம் ஒன்றின் மேல் நிழலாக விழுந்துவிட்டது. ரிக்ரெஷனும் இதே நிழல்தான். ஒரு தடவை வீழ்த்தியதை மறுபடி வீழ்த்தினால் மாறாது, நிழலை வீழ்த்தும் அணியின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் மாதிரியில் எத்தனை கெழுக்கள் என்பது அப்படியே வந்து நிற்கும். ஒரு பருவம் முழுக்க எடுத்த ரிக்ரெஷன் பாடம் இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது.

நிகழ்தகவில் கால்குலஸ் அளவிலான ஒரு நல்ல பாடம் கட்டாயம் வேண்டும். நிரலெழுதத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டிலும் விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தேறியிருப்பார்கள், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டோபாலஜி, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எடுத்தால் நிரூபணம் எழுதும் கை இன்னும் பழகும். ஆனால் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்றால் நான் ஆப்டிமைசேஷனையோ நியூமெரிக்கல் அனாலிசிஸையோதான் எடுப்பேன்.

அளவைக் கோட்பாடு, அதாவது நீளம், பரப்பு, நிகழ்தகவு போன்றவற்றை அளப்பதற்கான கணிதமான மெஷர் தியரி, எடுக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1933-இல் ரஷ்யக் கணிதர் கோல்மகோரவ் நிகழ்தகவை அதன் மேல்தான் நிறுத்தினார் என்பதால் அது இல்லாமல் போகவே முடியாது என்கிற பயம். என் கருத்து உறுதியானது. ரியல் அனாலிசிஸ் இரண்டு பருவமும் திடமாக முடித்திருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். தேவையான அளவைக் கோட்பாட்டை முனைவர் படிப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே பல துறைகள் சொல்லித் தருகின்றன. அடித்தளம் இல்லாமல் முதுகலை வகுப்பில் போய் உட்கார்ந்து சுமாரான மதிப்பெண் வாங்குவதைவிட, இளங்கலை ரியல் அனாலிசிஸில் நல்ல மதிப்பெண்ணும் அந்த ஆசிரியரின் கடிதமும் மேல். உயிரிப் புள்ளியியல் துறைகள் பொதுவாக இவ்வளவு கணிதம் எதிர்பார்ப்பதில்லை. கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டும் கட்டாயம், ரியல் அனாலிசிஸ் இருந்தால் நல்லது என்கிற அளவில் நிற்கும் இடங்கள் உண்டு.

மதிப்பெண் பட்டியலைவிட நான் அதிகம் தவறவிட்டது காலண்டரைத்தான். விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. அந்த ஆகஸ்டில் தொடங்கும் பாடத்தின் மதிப்பெண் அதற்குள் வராது. ஆகவே ரியல் அனாலிசிஸின் முதல் பருவமாவது அதே ஆண்டின் கோடைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால், முடிவெடுக்க வேண்டிய நேரம் விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால். பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கணக்குதான். செப்டம்பரில் அறிமுகமான ஆசிரியர் நவம்பரில் உங்களைப் பற்றி என்ன எழுத முடியும்? என் இரண்டாம் சுற்றில் கடிதம் எழுதியவர், 31 மதிப்பெண் போட்ட அதே அனாலிசிஸ் ஆசிரியர். முதல் பருவத்தில் பி பிளஸ், இரண்டாவதில் ஏ. இடையில் நான் வாரம் தவறாமல் அவர் அறைக்குப் போய் என் உதாரண நோட்டைக் காட்டியிருந்தேன். நானாகக் கேட்கவே தயங்கிய கடிதத்தை அவரே எழுதித் தருவதாகச் சொன்னார்.

அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுகளில் கணிதப் பாடத் தேர்வைச் சில துறைகள் கேட்கும், பல கேட்பதில்லை, விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் கால்குலஸ், கால் பங்கு அல்ஜீப்ரா, மிச்சம்தான் அனாலிசிஸும் மற்றவையும். கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத என்னைப் போன்றவர்களுக்கு நல்ல மதிப்பெண் வந்தால் அது ஒரு சாட்சி. வரவில்லையென்றால், கட்டாயமில்லாத இடங்களுக்கு அதை அனுப்ப வேண்டாம், நானும் அனுப்பவில்லை.

தனியாகப் படித்தால் போதாதா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ரா விரிவுரைகளே முழுதாகக் கிடைக்கின்றன, நானும் அவற்றைப் பார்த்துத்தான் பயத்தைப் போக்கிக்கொண்டேன். கற்பதற்குப் போதும். ஆனால் நிரூபணத்தை வேறொருவர் படித்து “ஏன்?” என்று எழுதித் திருப்பித் தர வேண்டும். என் பிழைகள் எனக்குத் தெரிந்திருந்தால் அவற்றை எழுதியிருக்கவே மாட்டேன். பணமோ நேரமோ ஒரே ஒரு பாடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் அதை அனாலிசிஸுக்குக் கொடுங்கள், மற்றதைத் தனியாகப் படியுங்கள்.

சில விண்ணப்பங்களில் எடுத்த கணிதப் பாடங்களை, எந்தப் புத்தகம், எதுவரை நடத்தினார்கள் என்பதோடு தனிப் பக்கமாக எழுதித் தரச் சொல்வார்கள். முதல் சுற்றில் அந்தப் பக்கம் எனக்கு ஐந்து வரியில் முடிந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் ஒன்றரைப் பக்கம் வந்தது.

பதினோரு இடங்களுக்கு அனுப்பினேன். ஜனவரி கடைசியில் ஒரு துறையிலிருந்து பேராசிரியர் ஒருவர் அழைத்தார். என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டு, சமவாய்ப்பு மாறிகளின் தொடர்முறை ஒன்று நிகழ்தகவில் 0-ஐ நெருங்குகிறது, அப்படியானால் அதன் எதிர்பார்ப்பு மதிப்பும், அதாவது சராசரியும், 0-ஐ நெருங்கியே ஆக வேண்டுமா என்றார். என் கை தானாகவே மேசையில் இருந்த உதாரண நோட்டைப் பிரித்தது. ஆக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, 0-இலிருந்து தொடங்கும் ஒரு செவ்வகம், அகலம் பாதி, உயரம் இரட்டிப்பு என்று ஆரம்பித்தேன். எப்போது நெருங்கும் என்று சொல்ல முடியுமா என்று அடுத்துக் கேட்டார். கூரையைப் பற்றிச் சொன்னேன். அதற்கப்புறம் இருபது நிமிடம் அனாலிசிஸ்தான் பேசிக்கொண்டிருந்தோம்.